பிறர் குடும்பப் பெயர் நம் பிள்ளைப் பெயரான கதை

(சாங்கியில் நடைபெற்ற ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றாலே அது பெயர் கூப்பிடும் விழா. ஒலிபெருக்கியில் பெயர் கேட்டவுடன் பிள்ளை எழுந்து வருகிறது; கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்குக் கண் கலங்குகிறது. ஆகவே இன்று பெயரைப் பற்றியே பேசலாம் என்று எடுத்துக்கொண்டேன். எல்லாப் பெயரையும் பற்றி அல்ல. காந்தி, நேரு, போஸ் என்று நம்மவர்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்களே, அந்தப் பெயர்களைப் பற்றி மட்டும்.

உங்கள் உறவில் தேடிப் பாருங்கள். ஒரு பெரியப்பா பெயர் போஸ் என்றிருக்கும். ஒரு மாமா நேரு. பக்கத்து வீட்டு அண்ணன் சந்திரபோஸ். நமக்கு இது பழகிப் போய்விட்டது. ஆனால் இந்தப் பெயர்கள் பிறந்த ஊரில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். ஏனென்றால் அங்கே இவை ஓர் ஆளுடைய பெயரே அல்ல, குடும்பத்தின் பெயர்.

காந்தியடிகளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் மோகன்தாஸ். வீட்டில் செல்லமாக மோனியா என்று கூப்பிட்டார்கள். காந்தி என்பது அந்தக் குடும்பத்தார் அனைவருக்கும் பொதுவான பட்டப் பெயர். நேருவுக்குச் சொந்தப் பெயர் ஜவாஹர்லால். நேதாஜிக்குச் சொந்தப் பெயர் சுபாஷ் சந்திர. போஸ் என்பது குடும்பப் பெயர். அலகாபாத்தில் எந்தத் தாயும், "நேரு, சாப்பிட வாப்பா" என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் வீட்டிலுள்ள அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் நம்ம தோட்டத்து லயத்து வாசலில், "டேய் நேரு! எங்கடா போயிட்டே?" என்று ஒரு தாய் கூப்பிட்டால், ஒரே ஒரு பையன்தான் ஓடி வருவான். குடும்பப் பெயர் நம்மிடம் வந்து பிள்ளைப் பெயராகிவிட்டது. இது எப்படி நடந்தது? அதில் நம்மவர்களுக்கு என்ன அப்படி ஓர் ஆசை?

முதற்காரணம், தமிழனுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. நம் பக்கத்து வீட்டுச் சீனருக்கு லிம், டான், லீ என்று குடும்பப் பெயர் முன்னால் நிற்கும். அது தந்தை வழி தலைமுறை தலைமுறையாக வரும். மலாய்க்காரருக்கு நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. பின், பிந்தி என்று போட்டுத் தந்தை பெயரைச் சொல்வார்கள். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைப் போடுகிறோம், அல்லது இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று எழுதுகிறோம்.

இந்த "மகன்" என்று எழுதும் முறையை வெள்ளைக்காரன் நம் தலையில் கட்டினான் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. சங்கப் புலவர் நக்கீரர் பெயர் ஏட்டில் எப்படி இருக்கிறது தெரியுமா? மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர் மதுரை, தந்தை கணக்காயனார், தம் பெயர் நக்கீரனார். கணக்காயன் என்றால் பள்ளி ஆசிரியர் என்று பொருள். ஓர் ஆசிரியர் மகன் என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டார் அந்தப் புலவர். இந்தப் பள்ளி ஆசிரியர்கள் மனம் குளிர்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை, உண்மையே அதுதான்!

ஆக, நம் பெயர் ஒரு தலைமுறையோடு சரி. அடுத்த பிள்ளைக்குப் புதுப் பெயர் வைக்க நமக்குச் சுதந்திரம் உண்டு. உலகத்தில் எந்தப் பெயர் நம் காதுக்கு இனிக்கிறதோ அதை எடுத்து வைக்கலாம். அது அங்கே குடும்பப் பெயரா, ஊர்ப் பெயரா, பட்டமா என்று நம்மவர்கள் பார்ப்பதில்லை.

இது போஸ் காலத்தில் தொடங்கியதும் அல்ல. பிரான்சிஸ் சேவியர் என்ற பாதிரியார் 1542ல் தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிக்கும் கடற்கரைக்கு வந்தார். பிறகு 1545ல் மலாக்காவுக்கும் வந்தார். 1552ல் நம் சிங்கப்பூர் நீரிணையிலிருந்தே அவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் பிரான்சிஸ். சேவியர் என்பது ஸ்பெயின் நாட்டு வடபகுதியில் அவர் பிறந்த கோட்டையின் பெயர். அந்தப் பகுதி மக்களின் பாஸ்க் மொழியில் அதற்குப் "புது வீடு" என்று பொருள். அந்த வீட்டுப் பெயரைத்தான் நம் கடற்கரைத் தமிழர்கள் சேவியர், சவேரியார், சவேரிமுத்து என்று பிள்ளைகளுக்கு வைத்தார்கள். இன்றைக்கும் வைக்கிறார்கள்.

ஆங்கிலேயரும் இதைச் செய்கிறவர்கள்தாம். இந்தச் சாங்கியில் நடந்து போகும்போது சாலைப் பலகைகளைப் பாருங்கள். ஹால்டன் சாலை, கிரான்வெல் சாலை, ஹெண்டன் சாலை. எல்லாம் இங்கிலாந்து ஊர்ப் பெயர்கள். இங்கே தளம் வைத்திருந்த விமானப்படையினர் வைத்துவிட்டுப் போனவை. அவர்கள் 1971ல் கிளம்பியும் பெயர் நிற்கிறது. அவர்கள் நாட்டில் ஊர்ப் பெயர் குடும்பப் பெயராகும். குடும்பப் பெயர் பிறகு பிள்ளைப் பெயராகும். ஸ்டான்லி என்பது கற்கள் நிறைந்த வெளி என்று பொருள்படும் ஓர் இடப்பெயர். பிறகு குடும்பப் பெயரானது. பிறகு ஆண் பிள்ளைப் பெயரானது. ஷெர்லி என்பதும் அப்படி வந்ததுதான். 1849ல் சார்லட் பிராண்டி எழுதிய நாவலில் கதாநாயகிக்கு அந்தப் பெயர் வந்த பிறகு அது பெண்கள் பெயராகவே மாறிவிட்டது.

ஆனால் அங்கே பெரும்பாலும் தாய் பிறந்த வீட்டின் குடும்பப் பெயர் மறையாமல் இருக்கட்டும், அல்லது செல்வர் வீட்டுப் பெயர் தம் பிள்ளைக்கும் ஒட்டட்டும் என்பதற்காக வைத்தார்கள். நம் கதை வேறு. நம்மவர்கள் வைத்ததற்கு ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது என்ன பெயரோடு வந்தார்கள்? முனியாண்டி, கறுப்பாயி, மாரிமுத்து, வீராயி. குலதெய்வத்தின் பெயர்கள். நல்ல பெயர்கள்தாம்; ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டவுடனே, "நீ எந்தத் தெரு?" என்று எடைபோட்டு விடுவார்கள். உயர்ந்தவர் என்று சொல்லிக்கொண்டவர்கள் வைக்கும் பெயரை ஒடுக்கப்பட்டவர் தம் பிள்ளைக்கு வைத்தால், "உனக்கெல்லாம் இந்தப் பேரு கேக்குதா?" என்று ஏளனம் செய்த காலம் அது. கடல் கடந்து வந்தும் அந்த நோய் முழுதும் விடவில்லை. செக்ரோல் புத்தகத்தில் கிராணி பெயர் எழுதும்போதும், கங்காணி ஆள் பிரிக்கும்போதும் அது கூடவே வந்தது.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடி, பெயரின் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்ளக் கூடாது என்று தீர்மானித்தது. ராமசாமி நாயக்கர் என்றிருந்தவர் நாயக்கரை நீக்கிவிட்டு வெறும் ஈ.வெ.ராமசாமியாக நின்றார். அந்த ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932ல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதில் முன்னின்ற கோ.சாரங்கபாணி 1935ல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார். பெயரின் பின்னாலிருந்த வாலை வெட்டுங்கள் என்ற பேச்சு இப்படித்தான் நம் காதுக்கு வந்தது.

வாலை வெட்டியாயிற்று. பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது? சாதி சொல்லாத பெயர் எது?

இங்கேதான் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். காந்தி தம் சுயசரிதையில், தம் முன்னோர் முதலில் மளிகை வியாபாரிகளாக இருந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறார். நேருவின் முன்னோர் காஷ்மீரத்துக் கௌல் குடும்பத்தார்; 1716ஆம் ஆண்டுவாக்கில் டில்லிக்கு வந்து கால்வாய்க் கரையில் குடியிருந்ததால், கால்வாய்க்குரிய நஹர் என்ற சொல்லிலிருந்து நேரு என்ற பெயர் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். போஸ் என்பது வங்காளத்தில் பாசு என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதியதால் வந்த உருவம். அது அங்கே காயஸ்தர் என்ற வகுப்பாரிடம் வழங்குவது. அதாவது, சொந்த ஊரில் இந்தப் பெயர்கள் சாதியைச் சொல்லும், தொழிலைச் சொல்லும், ஊரைச் சொல்லும். அதே பெயர் தமிழன் வீட்டுத் தொட்டிலுக்கு வந்தவுடன் எதையும் சொல்லவில்லை. போஸ் என்று கூப்பிட்டால் இவன் எந்தத் தெரு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எந்தச் சாதிக்காரரும், "இது எங்கள் பெயர், நீ எப்படி வைத்தாய்?" என்று கேட்க முடியாது. பால்மரம் வெட்டுகிறவர் யாரிடமும் உத்தரவு கேட்காமல் பிள்ளைக்கு வைக்கக்கூடிய பெரிய பெயராக அது இருந்தது.

காந்தி என்ற பெயருக்கு இன்னொரு வசதியும் இருந்தது. தமிழ்க் காதுக்குக் காந்தி என்றால் ஒளி. திருநெல்வேலி அம்மன் பெயரே காந்திமதி. ஆகவே ஆண் பிள்ளைக்கும் வைத்தார்கள், பெண் பிள்ளைக்கும் வைத்தார்கள். குஜராத்தி வணிகர் பெயரும் நெல்லை அம்மன் பெயரும் நம் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

சரி, சாதி சொல்லாத பெயர் எத்தனையோ இருக்க, போஸ் ஏன்? அதற்குச் சிங்கப்பூர் மண்ணே சாட்சி. 1943 ஜூலை 2ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் இங்கே வந்து இறங்கினார். 4ஆம் நாள் கேத்தே அரங்கில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ராஷ் பிகாரி போஸிடமிருந்து ஏற்றார். மறுநாள் பாடாங் திடலில் இந்திய தேசிய ராணுவத்தின் முன் நின்று பேசினார். அக்டோபர் 21ல் அதே கேத்தேயில் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தார். மறுநாள் வாட்டர்லூ தெருவில் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த லட்சுமி சுவாமிநாதன்.

அந்தப் படைகளில் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் யார்? மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காமலே இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பலர். அதுவரைக்கும் துரையைக் கண்டால் குடையை மடக்கி, சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர்கள். அவர்களிடம் ஒருவர் வந்து, நீயும் ஒரு போர்வீரன் என்றார். தாய்மார்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். கொடுக்க நகை இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? பிறந்த பிள்ளைக்குப் போஸ் என்று பெயர் வைத்தார்கள். பெண் பிறந்தால் ஜான்சிராணி என்று வைத்தார்கள். ஜான்சி என்பதும் ஆளின் பெயரல்ல, ஊர்ப் பெயர். இருந்தால் என்ன? கோஷத்தில் எந்தச் சொல் கேட்டதோ, பத்திரிகையில் எந்தச் சொல் பெரிய எழுத்தில் வந்ததோ, அதுவே பிள்ளைப் பெயர்.

1945 ஜூலையில் எஸ்பிளனேடு கடற்கரையோரம் இறந்த வீரர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பத் தொடங்கினார்கள். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்களை அதில் பொறித்தார்கள். செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்தவுடன் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1995ல்தான் அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வைக்கப்பட்டது. நடுவில் 50 ஆண்டுகள். அந்த 50 ஆண்டும் நினைவுச் சின்னம் எங்கே இருந்தது என்று கேட்டால், நம் தோட்டத்து வீடுகளில் இருந்தது என்று சொல்வேன். "போசு, தண்ணி எடுத்துட்டு வாடா", "போசு, ஸ்கூலுக்குப் போனியா?" என்று தினமும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கல்லை இடித்தவர்களால் பிள்ளையின் பெயரை என்ன செய்ய முடியும்?

அன்பர்களே, இப்படிச் சொல்வதால் பெரியவர் பெயரை வைத்தாலே போதும், பிள்ளை பெரியவன் ஆகிவிடுவான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பெயருக்கு அந்தச் சக்தி கிடையாது. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ரஷ்யத் தலைவர் ஸ்டாலினின் பிறவிக் குடும்பப் பெயர் ஜுகாஷ்விலி. ரஷ்ய மொழியில் எஃகைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஸ்டாலின் என்று தாமே சூட்டிக்கொண்டார். அவர் 1953 மார்ச் 5ஆம் நாள் இறந்தார். நான்கு நாளைக்கு முன், மார்ச் 1ஆம் நாள், கலைஞர் கருணாநிதிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. இரங்கல் கூட்டத்திலேயே அந்தக் குழந்தைக்கு ஸ்டாலின் என்று பெயர் அறிவித்தார். அந்தக் குழந்தை 2021ல் தமிழ்நாட்டு முதலமைச்சராகப் பதவியேற்றது. ஆனால் ரஷ்ய ஸ்டாலினின் சொந்த மகள் ஸ்வெத்லானா 1957ல் தந்தையின் பெயரை விட்டுவிட்டுத் தாயின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். அவர் ஆட்சியில் மக்கள் பட்ட கொடுமைகள் வெளிவந்துகொண்டிருந்த காலம் அது. ஒரே பெயரை மகள் கழற்றிப் போட்டார். எங்கேயோ இருந்த தமிழர் எடுத்து மகனுக்குச் சூட்டினார். பெயர் வாழ்வதும் தாழ்வதும் அதைச் சுமப்பவர் கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். தென்னாப்பிரிக்காவின் மண்டேலாவுக்குத் தந்தை வைத்த பெயர் ரோலிஷ்லாஷ்லா. பள்ளியில் சேர்ந்த முதல் நாளே ஆசிரியை, "இனி உன் பெயர் நெல்சன்" என்று சொல்லிவிட்டார். நெல்சன் என்பது ஆங்கிலக் குடும்பப் பெயர். நீல் என்பவரின் மகன் என்று பொருள். அது கேட்காமல் கொடுக்கப்பட்ட பெயர். கறுப்பினப் பிள்ளைக்கு அவன் சொந்தப் பெயர் போதாது என்று நினைத்த காலத்தின் அடையாளம். நம் வீட்டுப் போஸ் அப்படி வந்ததல்ல. எந்தத் துரையும் சொல்லவில்லை, எந்தக் கிராணியும் எழுதிவைக்கவில்லை. பெற்றவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்தது. வாழ்நாளில் சம்பளத்தையோ, வீட்டையோ, வேலையையோ தேர்ந்தெடுக்க முடியாதவர்கள், பிள்ளையின் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். இந்த வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது காலம் மாறிவிட்டது. இன்றைய பேரப்பிள்ளை கேட்கிறது: "தாத்தா, உங்க பேரு ஏன் போஸ்? நாம வங்காளிங்களா?" இங்கே நம் பேச்சு வழக்கில் வங்காளி என்றால் தலைப்பாகை கட்டிய சீக்கியரையும் குறிக்கும் அல்லவா? தாத்தா தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். அந்தச் சிரிப்போடு ஒரு வரலாறு போய்விடுகிறது.

போஸின் பிள்ளை வளர்ந்து, அவன் பிள்ளையும் வளர்ந்து, இங்கேயுள்ள விமான நிலையத்திலிருந்து மேற்படிப்புக்குப் போகிறான். விமானச் சீட்டுக்கும் வெளிநாட்டுக் கல்லூரிக்கும் நிரப்பும் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். காலியாக விட முடியாது. என்ன எழுதுவான்? தந்தை பெயரைத்தான் எழுதுவான். ஆக, வங்காளத்தில் குடும்பப் பெயராக இருந்த போஸ், தோட்டத்தில் பிள்ளைப் பெயராகி, பிறகு தந்தை பெயராகி, இப்போது மறுபடி குடும்பப் பெயர்க் கட்டத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டது! சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தை வெளிநாட்டார் விஷி, விஷி என்று செல்லமாக அழைக்கிறார்களே, அது அவர் தகப்பனாரின் பெயர். ஆனால் நம் நாட்டில், 2023ல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தர்மன் சண்முகரத்தினம் அவர்களைப் பத்திரிகைகள் அதிபர் தர்மன் என்றே எழுதுகின்றன. ஆளை ஆளின் பெயரால் அழைக்கும் நம் முறை இங்கே மதிக்கப்படுகிறது. அதை நாம் விட்டுவிட வேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே, பெயர் எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது என்பது அதிகாரிகளின் கவலை. அதன் காரணம் தெரிந்திருக்க வேண்டியது உங்கள் கடமை. இன்று பரிசுப் புத்தகத்தோடு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமும் அப்பாவிடமும் கேளுங்கள்: "எனக்கு ஏன் இந்தப் பேரு வெச்சீங்க? உங்களுக்கு இந்தப் பேரை யாரு வெச்சாங்க?" பாட்டி இருந்தால் பாட்டியிடம் முதலில் கேளுங்கள், அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். கேட்டதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவை வந்தால், நான் இன்று பேசியதைவிட அவை நன்றாக இருக்கும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு எந்தப் பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். பழைய பெயரோ புதுப் பெயரோ உங்கள் விருப்பம். ஆனால் ஏன் வைத்தீர்கள் என்று பிள்ளை கேட்டால், "நாலு பேரு வெச்சாங்க, நாங்களும் வெச்சோம்" என்று சொல்லாதபடி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டன்மார்கள் காரணத்தோடு பெயர் வைத்தார்கள். இரண்டு மூன்று மொழி படித்த நாம் அதில் அவர்களுக்குக் குறைந்துபோகக் கூடாது.